படம் நன்றாக இருக்கிறது, வலி போகவில்லை

இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆறேழு மாதம் கழித்து மருத்துவரிடம் போய், "இன்னும் வலிக்குது டாக்டர்" என்கிறார். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பந்து கிண்ணத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டும் நேராக நிற்கிறது. "படம் நல்லா இருக்கு. நடங்க, சரியாயிடும்" என்கிறார். வெளியே அடுத்தவர் காத்திருக்கிறார். அரசு மருத்துவமனையோ தனியாரோ, பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. வலியோடு வந்தவர் வலியோடு திரும்புகிறார். போகும்போது கூடவே ஒரு சந்தேகமும் போகிறது: எல்லோருக்கும் சரியாகிறதே, நமக்கு மட்டும் ஏன் இப்படி, மனத்தில்தான் ஏதும் கோளாறா என்று.

அந்தச் சந்தேகத்துக்கு அவசியமே இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ மருத்துவ இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் 7 முதல் 23 சதவீதம் பேருக்கு நீண்ட கால வலி தங்கிவிடுகிறது என்றது அது. முழங்கால் மூட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூடுதல்: 10 முதல் 34 சதவீதம். இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் நூறு பேரில் ஏழு பேர். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் மயக்க மருந்தின் ஆபத்து இருக்கும், ரத்தப்போக்கு இருக்கும். ‘எல்லாம் சரியாக நடந்தாலும் சிலருக்கு வலி தொடரலாம்’ என்று யாராவது உட்கார வைத்துச் சொல்கிறார்களா? சொல்லியிருந்தால், பிறகு வலிக்கும்போது அந்த மனிதர் தன்னையே சந்தேகித்துக்கொள்ள மாட்டார்.

நான் இந்த அறுவை சிகிச்சைக்கு எதிராக எழுதவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாமல் கிடந்தவர்களைக் கோயில் பிரகாரம் சுற்ற வைத்திருக்கிறது அது. 2007இல் ‘லான்செட்’ இதழ் இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. அந்தப் பெயர் பொருந்தும். பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாக முடியும் சிகிச்சை என்பதாலேயே, மிச்சமுள்ளவர்களின் குரல் கேட்காமல் போகிறது. என் வருத்தம் அவர்களைப் பற்றியது.

நம் ஊரில் இந்த அறுவைக்கு வருகிறவர்களில் ஒரு பெரிய கூட்டம், குளியலறையிலோ முற்றத்திலோ வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள். முறிவின் இடத்தைப் பொறுத்துச் சிலருக்குப் பிளேட், ராடு. சிலருக்குப் பந்தை மட்டும் மாற்றுவார்கள். சிலருக்குப் பந்தும் கிண்ணமும் சேர்த்து. இன்னொரு கூட்டம் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய், எலும்பு நசிந்து உதிர்ந்தவர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி இரண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். கோவிட் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் சிலருக்கும் இது வந்தது. எழுபது வயதில் மூட்டு மாற்றுகிறவருக்கும் முப்பத்தைந்தில் மாற்றுகிறவருக்கும் கணக்கு ஒன்றல்ல. மாற்று மூட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 58 இருபத்தைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்று 2019இல் லான்செட்டில் வந்த ஆய்வு சொல்கிறது. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு வாழ்நாளில் இன்னொரு அறுவை வரக்கூடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு இடது பக்கம் முழு மூட்டு மாற்றினார்கள். காயம் அழகாக ஆறியது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்து, அதையும் வீட்டுக்குள் ஓரமாக வைத்துவிட்டார். ஆனால், ஆட்டோவில் ஏறும்போது மட்டும் இரண்டு கைகளாலும் இடது தொடையைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். கட்டிலில் ஏறும்போதும் அப்படித்தான். நாற்காலியிலிருந்து எழும்போது தொடையிடுக்கில் சுரீர் என்று ஒரு குத்தல். போன இடமெல்லாம் படம் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். நாங்கள் வீட்டார்கூட ‘வயசாச்சுல்ல’ என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

பிறகு பார்த்த ஒரு மருத்துவர் எக்ஸ்ரே உறையைப் பிரிக்கவில்லை. "பெட்ல ஏறிப் படுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வழக்கம்போலக் காலைக் கையால் தூக்கி மேலே வைத்தார். "எப்பவும் கையாலதான் தூக்குவீங்களா?" என்று கேட்டார் மருத்துவர். படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலை உயர்த்தச் சொன்னார். கொஞ்சம் உயர்ந்ததுமே பெரியம்மாவின் முகம் சுருங்கியது. சி.டி. ஸ்கேன் எடுத்ததில் விஷயம் தெரிந்தது. கிண்ணத்தின் முன்விளிம்பு எலும்பைத் தாண்டி லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடையை மேலே தூக்கும் தசையின் நாண் அதன்மேல் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. நேர் முன்னாலிருந்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் இது எளிதில் பிடிபடாது. அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்ட அன்று மாலை, பெரியம்மா கை வைக்காமல் ஆட்டோவில் ஏறினார். வலியின் இடம் அதுதான் என்று உறுதியாயிற்று.

அதன்பின் ஊசி, பிசியோதெரபி. வலி முழுவதும் போகவில்லை. மாடிப்படி ஏறினால் இன்றும் வலிக்கிறது. ஆனால், ஏன் வலிக்கிறது, எதைச் செய்தால் கூடும், எப்படி உட்கார்ந்தால் அடங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ராத்திரி தூங்குகிறார். ஸ்கேன் பிறகுதான் வந்தது; இதைத் தொடங்கிவைக்கத் தேவைப்பட்டது விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. நோயாளி கட்டிலில் ஏறுவதை ஒருவர் கவனித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

வலி எங்கே, எப்போது வருகிறது என்பதிலேயே பாதித் தகவல் இருக்கிறது. தொடையிடுக்கு வலி பெரும்பாலும் கிண்ணத்தையோ அந்த நாணையோ காட்டும். தொடையின் நடுவே வலித்தால் தண்டைச் சந்தேகிப்பார்கள். உட்கார்ந்து எழுந்து முதல் நாலைந்து அடி வைக்கும்போது மட்டும் வலித்து, பிறகு தணிந்தால் மூட்டு எலும்போடு பிடிப்பு விட்டிருக்கலாம். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பக்கவாட்டில் வலிப்பது அங்குள்ள தசைநாண் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். முழங்காலைத் தாண்டிக் கீழே இழுத்தால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும். இடுப்பை மாற்றிய பிறகுதான் முதுகிலும் கோளாறு இருந்தது தெரியவந்தவர்கள் உண்டு. செருப்பு காலை விட்டுத் தானாகக் கழன்று விழுகிறது, விழுந்ததே தெரியவில்லை என்றால் நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நரம்பு மீள மாதங்கள், சமயத்தில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். ‘வலிக்குது’ என்று ஒரே சொல்லாகச் சொல்லாமல், இந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கும் பிடி கிடைக்கும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தோ குனிந்தோ எழும்போது ‘டொக்’கென்று ஓசை கேட்டு, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாமல் போனால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவியிருக்கும். எண்ணெய் போட்டு நீவுவதோ, தெரிந்தவரை அழைத்து இழுத்துவிடச் சொல்வதோ பேராபத்து, நேரே மருத்துவமனைதான். கெண்டைக்கால் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கினால் அதுவும் அப்படித்தான். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

கிருமித்தொற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர் வழக்கம் ஒன்று அதைக் கெடுக்கிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வலி, இரவில் வலி, ஆறிய தையலில் மறுபடி கசிவு என்றால் தொற்றா என்று முதலில் கேட்க வேண்டும். ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்து, தேவைப்பட்டால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து எந்தக் கிருமி என்று கண்டறிவதே முறை. ஆனால், காயம் கசிந்ததும் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிடுகிறோம். கசிவு நிற்கும், கிருமி நிற்காது. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, அதற்குள் பதுங்கிக்கொள்ளும். பிறகு நீர் எடுத்துச் சோதித்தாலும் மருந்தின் தாக்கத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். தொடக்க வாரங்களிலேயே பிடித்தால் மூட்டை எடுக்காமல், திறந்து கழுவிச் சுத்தம் செய்து காப்பாற்ற வாய்ப்புண்டு. நாள் கடந்தால் பழைய மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி புது மூட்டு பொருத்தும் நிலைமை வரலாம். அந்த இடைக்காலத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் தெம்பும் கரைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

எல்லாம் தேடியும் காரணம் அகப்படாத வலியும் இருக்கிறது. பல வருடம் தேய்ந்த மூட்டோடு வலியில் இருந்தவரின் நரம்பு மண்டலம், மூட்டை மாற்றிய பிறகும் அடுப்பை அணைத்த தோசைக்கல்லைப் போலச் சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அறுவைக்கு முன் வலி கடுமையாக இருந்தவர்கள், உடம்பின் வேறு இடங்களிலும் வலி உள்ளவர்கள், மனக்கவலையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது கற்பனை வலி இல்லை. நரம்பு வலிக்கான மருந்து, படிப்படியான உடற்பயிற்சி, தூக்கத்தைச் சீர்செய்வது, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை என்று இதற்கு வைத்தியம் உண்டு. வலி சிகிச்சை என்றே தனிப் பிரிவு மருத்துவத்தில் உண்டு. ஆனால், மாவட்டத் தலைநகரைத் தாண்டி இருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வலி மாத்திரை. வருடக்கணக்கில் அதைத் தின்று வயிற்றுப்புண்ணோடும் கெட்டுப்போன சிறுநீரகத்தோடும் வருகிறார்கள் முதியவர்கள்.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் எல்லோரும் ஓடியாடிப் பார்க்கிறார்கள். மூன்றாம் மாதம் ‘இன்னுமா?’ என்ற கேள்வி வருகிறது. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கேள்வியின் தொனியே மாறிவிடும். பெண்கள் இதைச் சட்டென்று புரிந்துகொண்டு, வலியைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். அடுப்பருகே ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்று சமைக்கிறார்கள். அவர்கள் சும்மா இருப்பதால் சரியாகிவிட்டதென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, போன வாரத்தைவிட எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்பது மாத்திரை செய்யாத வேலையைச் செய்யும்.

வலியோடு வாழ்க்கை நடத்தும் வழிகளில் சில நம் வீடுகளுக்கே உரியவை. கைத்தடியை வலிக்கும் பக்கத்துக் கையில் பிடிக்கிறவர்கள் அதிகம். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் இடுப்பின் மேல் விழும் பாரம் குறையும். கால் நீளம் சற்று மாறியவர்களுக்கு உயரம் கூட்டிய செருப்பு கொடுப்பார்கள். ஆனால், நாம் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. நாள் முழுக்க வெறுங்காலில் சாய்ந்து நடந்துவிட்டு, கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்கு மட்டும் அந்தச் செருப்பைப் போட்டு என்ன பயன்? வீட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஆரம்ப மாதங்களில் இடுப்புத் தசைகள் இறுகியிருப்பதால் கால் நீண்டுவிட்டதுபோலத் தோன்றுவது சகஜம், அதனால் அவசரப்பட்டுச் செருப்பின் உயரத்தையும் கூட்டிவிடக் கூடாது. வாடகை வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், இந்தியக் கழிப்பறை மேல் போடும் கம்மோடு நாற்காலி கிடைக்கிறது. குத்தவைத்து உட்காருவதும் தரையில் சம்மணமிடுவதும் எப்போது முடியும், முடியாமலே போகுமா என்பதை அறுவை செய்தவரிடமே கேட்க வேண்டும். எந்தப் பக்கம் திறந்து மூட்டு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் செய்து தீர்த்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது பலர் செய்வது. தினமும் ஒரே அளவு, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி என்று நடப்பவர்களே நிலைத்து முன்னேறுகிறார்கள்.

ஆனால், இத்தனையையும் நோயாளியின் தலையிலேயே கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. இந்த அறுவையின் வரலாறே வேறு பாடம் சொல்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்ளான் கிண்ணம் வைத்தார். ஆரம்பத்தில் அற்புதமாக இருந்தது. சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்து, அதன் துகள்கள் எலும்பைச் சிதைக்க, நூற்றுக்கணக்கானவர்கள் வலியோடு திரும்பி வந்தார்கள். சார்ன்லி அந்தத் துகளைத் தன் தொடைக்குள்ளேயே செலுத்திக்கொண்டு, உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்தார். 1962இல் பாலித்தீன் கிண்ணத்துக்கு மாறினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் அறுவைக்கு அதுவே அடித்தளம். திரும்பி வந்தவர்களின் வலியை அவர் தட்டிக்கழித்திருந்தால் இந்தச் சிகிச்சை அங்கேயே நின்றிருக்கும்.

நம் நாட்டில் நடந்தது வேறு. ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் டிபுய் நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இரண்டும் உரசி கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்தன; சுற்றியிருந்த தசை கெட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்களுக்கு மறு அறுவை தேவைப்படுவதை முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடும் ஒன்று. 2009இல் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேர். மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது 2018இல். இழப்பீடு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று பிறகு நிர்ணயித்தார்கள். ஆனால், கொடுப்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ‘படம் நல்லா இருக்கு’ என்ற பதிலோடு வலியில் இருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

ஸ்வீடனில் 1979இலிருந்து இடுப்பு மூட்டுப் பதிவேடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1999இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல் தொடங்கினார்கள். இங்கே மூட்டு அறுவை மருத்துவர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு விரும்பியவர்கள் விவரம் தரும் ஏற்பாடு மட்டுமே. மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைத் தெரிவிக்க 2015இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதைக் கேள்விப்பட்ட நோயாளியை நான் சந்தித்ததில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. அது நல்ல உரிமை, எல்லோரும் பயன்படுத்த வேண்டியது. அதே விதிகள், ஆவணங்களை மூன்றாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உடம்புக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு மூன்றாண்டு ஆவணம்! மறு அறுவை செய்ய வருகிற மருத்துவருக்கு, உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த அளவு மூட்டு என்பது தெரிய வேண்டும். மூட்டுப் பெட்டியில் தொகுதி எண்ணோடு ஒட்டும் தாள்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று உண்டு. அதில் நடக்கும் ஒவ்வொரு அறுவைக்கும் முன்அனுமதி, கோரிக்கைக் கோப்பு எல்லாம் ஒரே இடத்துக்குப் போகின்றன. ஆக, பதிவேட்டைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் இருந்தால்தான் பணம் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களின் பட்டியல் அந்தந்த ஊர்க் குழுவுக்குப் போகட்டும். மூன்றாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் ஒருவர் போய், நடக்கச் சொல்லிப் பார்க்கட்டும். ராத்திரி வலிக்கிறதா, எந்த இடத்தில், என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டு எழுதட்டும். வலி இருப்பவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் எலும்பு மருத்துவரும் வலி சிகிச்சை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே வருகிறவரின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னால், அவரைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்லட்டும்.